பேட்டரியை மாற்றும் முன்: பழைய காரில் சார்ஜ் எப்படி ஏறுகிறது, எங்கே தொலைகிறது

பழைய அம்பாசடரோ பத்மினியோ காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், தெருவில் நிற்கிற நாலு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பேட்டரி போச்சு சார்." புது பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பிவிடும். அதனால் சொன்னது சரி என்றே தோன்றும். சில வாரம் கழித்து மறுபடி அதே 'டிக் டிக்' சத்தம். அடுத்த பழி டைனமோ மேல் விழும், அதற்கடுத்து ரெகுலேட்டர் மேல். கடைசியில் "இந்த வண்டி வயரிங்கே சரியில்லை, தள்ளிவிட்டுடுங்க" என்ற யோசனை வரும். நல்ல எஞ்சினும் நல்ல பாடியும் உள்ள கார்கள் இப்படி ஷெட்டில் கவர் போட்டு முடங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை. பல நேரங்களில் கோளாறு ஒரே ஒரு துருப்பிடித்த முனையில்தான் இருக்கும். யாரும் அங்கே அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இது மெக்கானிக்குகளுக்கான கட்டுரை இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், அப்பா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை ஓட வைக்க நினைப்பவர்கள் இவர்களுக்காக எழுதுகிறேன். மின்சாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் கையில் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

## மேல்தொட்டி, மோட்டார், பைப்

சென்னையில் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. மோட்டார் போட்டால் சம்ப்பிலிருந்து தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும். குழாயைத் திறந்தால் மேல்தொட்டித் தண்ணீர் வரும். தொட்டி தண்ணீரை உண்டாக்குவதில்லை, ஏற்றியதை வைத்துக்கொண்டு கேட்கும்போது கொடுக்கிறது, அவ்வளவுதான்.

காரில் பேட்டரி அந்த மேல்தொட்டி. மோட்டாரின் வேலையை எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ செய்கிறது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இருக்கிறதல்லவா, அந்த வேலையைக் காரில் செய்வது ரெகுலேட்டர். சார்ஜ் அளவுக்கு மேல் போகாமல் அதுதான் கட்டுப்படுத்துகிறது. மோட்டார் நின்றதும் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்க ஒரு வால்வு உண்டு. டைனமோ வண்டியில் அதற்கு நிகரானது கட்-அவுட். எஞ்சின் நின்றதும் பேட்டரியின் மின்சாரம் டைனமோ வழியாகத் திரும்பி வடிந்துவிடாமல் அது துண்டித்துவிடும். இவை எல்லாவற்றையும் இணைக்கும் பைப்புகள்தான் வயரிங்.

இனி மூன்று சொற்கள். வோல்ட் என்பது தண்ணீரின் அழுத்தம். ஆம்பியர் என்பது ஒரு நேரத்தில் ஓடும் தண்ணீரின் அளவு. ரெசிஸ்டன்ஸ் என்பது பைப்புக்குள் உப்பு படிந்து வழி குறுகியிருப்பது.

மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் யாரும் முதல் வேலையாக மேல்தொட்டியை மாற்றுவதில்லை. மோட்டார் ஓடுகிறதா, வால்வு திறந்திருக்கிறதா, பைப்பு அடைத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கார் விஷயத்தில் மட்டும் நேராகத் தொட்டியை மாற்றிவிடுகிறோம். புதுத் தொட்டி நிரம்பிய நிலையில் வருகிறது, அதனால் சில நாள் தண்ணீர் வருகிறது. அதற்குள் மோட்டாரும் பைப்பும் சரியாகிவிட்டன என்று நம்பிவிடுகிறோம்.

இதுவரை: பேட்டரி சேமிக்கிறது. டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்கிறது. ரெகுலேட்டர் கட்டுப்படுத்துகிறது. வயரிங் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோளாறு இந்த நான்கில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: பேட்டரி டவுன்.

## உங்கள் வண்டியில் டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

இது தெரியாமல் எதையும் சோதிக்க முடியாது. போனட்டைத் திறந்து ஃபேன் பெல்ட் சுற்றும் உருப்படியைப் பாருங்கள். நீளமான உருளை, மூடிய உடம்பு, பெரும்பாலும் இரண்டே வயர் என்றால் அது டைனமோ. குட்டையாக, பருமனாக, உடம்பில் காற்று போகும் திறப்புகளோடு இருந்தால் ஆல்டர்னேட்டர். டைனமோ வண்டியில் ரெகுலேட்டர் தனிப் பெட்டியாகத் தகட்டில் திருகப்பட்டிருக்கும். கட்-அவுட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கும்.

இரண்டும் ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன: காந்தப் புலத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு இருந்தால் மின்சாரம் பிறக்கும். டைனமோவில் காந்தம் நிலையாக நிற்க, ஆர்மேச்சர் எனப்படும் கம்பிச் சுருள் சுற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் முழுவதையும் சுற்றும் செம்புப் பட்டைகளின் மேல் உரசிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷ்கள்தான் வெளியே எடுக்க வேண்டும். அதனால் பிரஷ் தேய்கிறது, தீப்பொறி பறக்கிறது, வேகத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஆல்டர்னேட்டரில் காந்தம் சுற்றுகிறது, சுருள் நிலையாக நிற்கிறது. அதில் திசை மாறி மாறி வரும் மின்சாரத்தை டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. டயோடு என்பது மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் சிறு பொருள். திரும்பி வடிவதையும் அதுவே தடுப்பதால் இங்கே தனி கட்-அவுட் தேவைப்படவில்லை.

ஓட்டுபவருக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் மெதுவாக, ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட எதுவும் கொடுக்காது. ராத்திரி எட்டு மணிக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகர்ந்தால், வண்டி முழுக்க முழுக்கப் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது கோளாறு இல்லை. அந்தக் கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இப்படி ஒரு நெரிசல் யார் கணக்கிலும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் சரியாகச் சார்ஜ் ஏறும் அதே வண்டி, தினமும் தி.நகருக்குள் மட்டும் போய் வந்தால் வாரக் கடைசியில் படுத்துவிடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோக்களில் பரவலாக இருந்த ஒன்றின் உச்ச அளவே 22 ஆம்பியர்தான். பழைய 45 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 7.5 ஆம்பியர் எடுக்கும். பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் விளக்குகள், இக்னிஷன் காயில், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் 15-ஐத் தொடும். இதுவரை சமாளிக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் ஹாலஜன் மாட்டினால் ஹெட்லைட்டுக்கு மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் போய்விடும். அதன் மேல் ஆம்ப்ளிஃபயர், ஏசி புளோயர் என்று சேர்த்துக்கொண்டே போனால் வரவை விடச் செலவு அதிகம். எத்தனை பெரிய பேட்டரி போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இறங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

## டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு

இதைப் பற்றித்தான் அதிகத் தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அந்தச் சிவப்பு விளக்கு சார்ஜை அளப்பதில்லை. அதன் ஒரு பக்கம் பேட்டரி வோல்டேஜ், மறு பக்கம் டைனமோ வோல்டேஜ். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எரியும், சமமானால் அணையும். சாவியைத் திருப்பியதும் பேட்டரி பக்கம் 12, டைனமோ பக்கம் 0 என்பதால் பளிச்சென்று எரிகிறது. எஞ்சின் வேகம் எடுத்து டைனமோ பக்கமும் ஏறியதும் அணைகிறது.

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டைனமோ வண்டியில் ஐடிலில் லேசாக மினுக்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அணைந்தால் இயல்பு. வேகத்தில் போகும்போதும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், இரு பக்கமும் இணையும் வழியில் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது என்று அர்த்தம். கட்-அவுட் முனைகள் கருகியிருக்கலாம், ஆல்டர்னேட்டர் வண்டியானால் ஒரு டயோடு போயிருக்கலாம். வேகத்திலும் முழுதாக எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால் பலர் சந்தோஷப்படுகிறார்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் சுழலும் காந்தத்தை முதலில் உயிர்ப்பிக்கிறது. பல்பு பியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவே ஆரம்பிக்காமல் போகலாம். சில ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு.

ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ட் செய்ததும் முள் பிளஸ் பக்கம் எகிறி, பிறகு மெல்ல நடுவுக்கு வந்து நின்றால் "சார்ஜ் ஏறலையே" என்று பயப்பட வேண்டாம். நிரம்பிய பேட்டரி அதற்கு மேல் அதிகம் வாங்கிக்கொள்ளாது.

## மூன்று அளவுகள்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் இரண்டு ஈயக் கம்பங்களிலும் முனைகளை வையுங்கள். கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் மேல் வேண்டாம், கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும். காரணம் பின்னால் வரும்.

முதல் அளவு, வண்டி சில மணி நேரமாவது சும்மா நின்ற பிறகு. 12.6-க்குப் பக்கத்தில் இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வெறும் 0.6 வோல்ட்டுக்குள் முழுதும் காலியும் அடங்கிவிடுவதால், "பன்னிரண்டு காட்டுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

இரண்டாவது, வீட்டில் ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது. எஞ்சின் சுற்றும் நேரத்தில் 10-க்கு அருகிலாவது நிற்க வேண்டும். நிரம்பிய பேட்டரி 8-க்கோ 7-க்கோ சரிந்தால் பெரும்பாலும் பேட்டரியே பலவீனம், சில சமயம் செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

மூன்றாவது, எஞ்சினை ஐடிலை விட நன்றாக ஏற்றி வைத்து. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.6-லேயே நின்றால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது, பேட்டரித் தண்ணீர் கொதித்துக் குறையும். அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தால் இந்த அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி பாருங்கள். சுமை வந்ததும் 13-க்குக் கீழே சரிந்தால் பெல்ட், பிரஷ், வயரிங் மூன்றில் ஒன்று. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கலாம், அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்குகிறது.

## போனது திரும்பி வர வேண்டும்

தண்ணீர்த் தொட்டி உதாரணம் இங்கே முடிகிறது. குழாயில் வந்த தண்ணீர் சாக்கடைக்குப் போனால் நமக்குக் கவலையில்லை. மின்சாரம் அப்படி இல்லை, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஓடும். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து வயர் வழியாக விளக்குக்குப் போய், அங்கிருந்து காரின் இரும்பு உடம்பு வழியாக மறு முனைக்குத் திரும்புகிறது. உடம்பையே திரும்பும் வழியாகப் பயன்படுத்துவதைத்தான் எர்த் என்கிறோம்.

பழைய காரின் மின் கோளாறுகளில் எர்த் கோளாறுதான் முதலிடம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளிமையானது. போகும் வழியில் ரப்பர் உறை போட்ட வயர் இருக்கிறது, எல்லோரும் அதைச் சோதிக்கிறார்கள். திரும்பும் வழியில் இருப்பதோ துருப்பிடித்த ஒரு போல்ட், அதன் கீழே ஒரு வளையம், அதற்கும் கீழே மூன்று முறை அடித்த பெயின்ட். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ரீ-பெயின்ட் செய்து ஜொலிக்கும் வண்டியில் திடீரென்று லைட்டெல்லாம் மங்கினால் சந்தேகமே வேண்டாம், எர்த் புள்ளிகளைச் சுரண்டிப் பாருங்கள்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரும் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் பட்டை தனியாகப் போடப்பட்டிருக்கும். எஞ்சின் இறக்கி வேலை பார்த்த பிறகு அதைத் திரும்ப மாட்ட மறப்பது சகஜம். அப்போது செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் கிளட்ச் கேபிள், சோக் கேபிள் என்று கிடைத்த இரும்பு வழியில் எல்லாம் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடானால் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குவது, ஹார்ன் அடித்தால் பார்க்கிங் லைட் மங்குவது போன்ற விசித்திரங்களும் பெரும்பாலும் இந்த வகைதான். தன் எர்த் அறுந்துபோனதால், அந்த மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்ப வழி தேடுகிறது.

இதுவரை: மூன்று அளவுகள் பேட்டரியும் சார்ஜும் சரியா என்று சொல்லிவிடும். இரண்டும் சரி, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, விளக்கு மங்குகிறது என்றால் கோளாறு வழியில் இருக்கிறது. போகும் வழியிலும் இருக்கலாம், திரும்பும் வழியிலும் இருக்கலாம்.

## மீட்டரில் 12 வருகிறது, விளக்கு எரியவில்லையே?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த சாக்கெட்டில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். பல்பைத் திரும்ப மாட்டினால் மங்கலாக எரியும். "வயரில் கரன்ட் சரியாத்தானே வருது?" என்று குழம்பி பல்பை மாற்றுவார்கள், சுவிட்ச்சை மாற்றுவார்கள்.

நடப்பது இதுதான். வழியில் துருப்பிடித்த முனை ஒன்று இருந்தாலும், மின்சாரம் ஓடாத வரை அங்கே எதுவும் தொலைவதில்லை. மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது. ஓட்டமே இல்லாததால் முழு வோல்டேஜும் கடைசி வரை தெரிகிறது. பல்பு மாட்டி 4 ஆம்பியர் ஓட ஆரம்பித்ததும், அந்தத் துருப்பிடித்த முனை தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பல்புக்கு விடுகிறது. இப்படி வழியில் தொலையும் அளவுக்கு வோல்டேஜ் டிராப் என்று பெயர். ஓடும் ஆம்பியரை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் அது கிடைக்கும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரி கிளாம்ப்பில் 0.01 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாத சிறு ரெசிஸ்டன்ஸ் அது. ஆனாலும் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். அதே கிளாம்ப் 4 ஆம்பியர் விளக்குக்கு 0.04 வோல்ட்டைத்தான் எடுக்கும். அதனால்தான் "லைட் நல்லா எரியுது, செல்ஃப் மட்டும் எடுக்கலை" என்ற நிலை வருகிறது.

எனவே சோதனை ஓட்டத்தில் இருக்கும்போதுதான் நடக்க வேண்டும். செய்வது மிகச் சுலபம். ஒரு வழியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள், சாதனத்தை ஓட விடுங்கள். மீட்டர் காட்டுவதுதான் அந்த வழியில் தொலையும் வோல்டேஜ்.

எர்த்தைச் சோதிக்க, எர்த் செய்யப்பட்ட பேட்டரிக் கம்பத்தில் ஒரு முனை, எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பில் மறு முனை. செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால் எர்த் கேபிளோ பின்னல் பட்டையோ காலி. போகும் வழிக்கு, மற்ற கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய முனை வரை. 0.5-க்குள் இருக்கலாம். சார்ஜ் வழிக்கு, ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து பேட்டரிக் கம்பம் வரை, எஞ்சின் ஏற்றி, ஹெட்லைட் எரிய வைத்து. இங்கே 0.3-க்கு மேல் வந்தால், ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்தும் பேட்டரிக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை.

தொலைவது தெரிந்துவிட்டால் மீட்டரின் ஒரு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். முதலில் கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில், பிறகு கிளாம்ப்புக்கும் கேபிளுக்கும், கேபிளுக்கும் போல்ட்டுக்கும். எந்த இடத்தில் எண் சட்டென்று தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. முதலில் கம்பத்திலேயே வைக்கச் சொன்னதன் காரணம் இப்போது புரியும். கிளாம்ப்பின் மேல் வைத்திருந்தால், அடிக்கடி குற்றவாளியாக இருக்கும் அந்த இணைப்பையே கணக்கில் எடுக்காமல் தாண்டியிருப்போம்.

ஹெட்லைட் விஷயத்தில் இந்தத் தொலைதலுக்கு விலை அதிகம். பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச், டிப்பர் சுவிட்ச் என்று சுற்றிக்கொண்டு போகிறது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், பியூஸ், ரிலே வழியாக விளக்குக்குக் கொடுத்துவிட்டால் பழைய பல்பே புதிது போல எரியும். ரிலே என்பது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச். பழைய காரில் நான் முதலில் செய்யச் சொல்வது இந்த ஒரு மாற்றத்தைத்தான். 100 வாட் பல்பு வேண்டவே வேண்டாம்.

## நிறுத்திய இடத்தில் இறங்கும் பேட்டரி

ஓட்டும்போது சார்ஜ் சரியாக ஏறுகிறது, நாலு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது என்றால் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கிறது. டிக்கியில் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பே போதும். அது 0.4 ஆம்பியர் எடுக்கும், ஒரு நாளில் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-அவர். ஆம்பியர்-அவர் என்பது பேட்டரியின் கொள்ளளவு. 40 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலு நாளில் முழுதாகக் காலி.

எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, எர்த் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டர் வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணையுங்கள். கடிகாரமோ ஸ்டீரியோவோ இல்லாத பழைய காரில் 0 வர வேண்டும். ஸ்டீரியோ இருந்தால் 0.02 வரை போகலாம். அதற்கு மேல் என்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில் தேடலாம். எதை எடுத்தும் விழவில்லையா? ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றிப் பாருங்கள், கசியும் டயோடு இருக்கலாம். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். சோதனை முடிந்ததும் மீட்டர் வயரை வோல்ட் துளைக்கு மாற்றி வையுங்கள்.

## வெயில், கடல் காற்று, வெள்ளம்

குளிர் தேசங்களில் எழுதப்பட்ட கையேடுகள் பனிக்காலத்தில் பேட்டரி படுக்கும் என்கின்றன. சென்னையில் பேட்டரியைக் கொல்வது வெயில். சூட்டில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உள்ளே உள்ள தகடுகள் சீக்கிரம் அரிக்கும், சும்மா நிற்கும்போதே சார்ஜும் வேகமாக இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் அளவை அடிக்கடி பார்ப்பது நல்லது.

பெசன்ட் நகர், திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் வண்டி நிற்கிறதென்றால் உப்புக் காற்று செம்பை விடாது. வயரின் உறையைச் சீவிப் பார்த்தால் பளபளவென்று இருக்க வேண்டிய செம்பு பச்சையாகவோ கருப்பாகவோ இருக்கும். சீவிச் சுத்தம் செய்தால் சரியாகுமா என்றால், பல நேரம் கருப்பு வயருக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். அந்த வயரை மாற்றத்தான் வேண்டும். பேட்டரிக் கிளாம்ப்பில் பூத்த வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கலந்த வெந்நீர் போதும். பேட்டரியின் மூடித் துளைக்குள் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பின் இறுக்கி, மேலே வேஸ்லின் தடவுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி பக்கம் நீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. பழைய காரில் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால் அதைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ஆனால் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பக் கூடாது. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் இறக்கிப் பிரித்து உலர்த்த வேண்டும், ஒவ்வொரு இணைப்பையும் திறந்து துடைக்க வேண்டும். "ஸ்டார்ட் ஆயிடுச்சு, பிரச்சினை இல்லை" என்று விட்டுவிட்டால், அடுத்த கோடையில் ஒவ்வொரு முனையாகப் பச்சை பூக்கும்.

## ஐம்பது வருட வயரிங்

அம்பாசடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற பிரிட்டிஷ் வழி வண்டிகளில் வயரின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பழுப்பு எப்போதும் நேரடி பேட்டரி, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவிக்குப் பிறகு பியூஸ் வழியாக வருவது, கருப்பு எர்த். இத்தாலிய வழி வந்த பத்மினிக்கு இது பொருந்தாது. எந்த வண்டியானாலும் ஐம்பது வருடத்தில் நாலைந்து கைகள் பட்டிருக்கும், கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

இதை விட முக்கியமான ஒன்று உண்டு. அந்த வண்டிகள் பலவற்றில் இரண்டே பியூஸ்தான், ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் பெரும்பாலும் பியூஸே கிடையாது. அந்த வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் அறுந்து காப்பாற்ற எதுவும் இல்லை, வயரே எரியும். எலி கடித்த இடம், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் போகும் இடம், முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிய இடம் மூன்றையும் தேடிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். நம் வெயிலில் டேப்பின் பசை உருகி ஒரே வருடத்தில் அவிழ்ந்துவிடும். கிரிம்ப் முனை (வயரின் மேல் நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை) போட்டு ஸ்லீவ் எனும் உறை மாட்டுவதுதான் நிற்கும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுவது காருக்குத் தீ வைக்கிற வேலை. பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டால் நிறுத்தும்போது நிம்மதியாகத் தூங்கலாம்.

## கை வைக்கும் முன்

மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் கிளாம்ப் முதலில், மாட்டும்போது அது கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். பேட்டரி வாங்கும்போது கடைப் பையன் பழக்கத்தில் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு மாற்றிய வண்டியில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். எந்த முனை எர்த் என்று போனட்டின் உள்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கிளாம்ப்பைக் கழற்றி "ஓடுதா பாருங்க, ஆல்டர்னேட்டர் நல்லாயிருக்கு" என்று காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை அனுமதிக்காதீர்கள். பேட்டரி இல்லாமல் வோல்டேஜ் ஒரே தாவலில் ஏறி டயோடையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுத்துப் பார்க்கும் சோதனை அது.

டைனமோவைப் பிரிப்பது, ரெகுலேட்டரின் முனைகளைச் சரிசெய்வது போன்றவை ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பழைய டைனமோ, கட்-அவுட் எல்லாம் இன்னமும் தேடிப் பிடிக்கலாம். அவற்றைக் கையால் திருத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கை நமக்கு வேண்டும். அவரிடம் போகும்போது "பேட்டரி இறங்குது" என்று மட்டும் சொல்லாமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: நின்றபோது எவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு, எஞ்சின் ஓடும்போது லைட்டோடும் லைட் இல்லாமலும் எவ்வளவு, எர்த்தில் எவ்வளவு தொலைகிறது, நிறுத்தியபோது எத்தனை ஆம்பியர் கசிகிறது. டைனமோவை மாற்றச் சொன்னால், ரெகுலேட்டர் வயர்களை எடுத்துவிட்டு டைனமோவைத் தனியாகச் சோதித்தாரா என்று கேளுங்கள். தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை. வேலை முடிந்ததும் அங்கேயே, அவர் முன்னாலேயே, அதே அளவுகளை மறுபடி எடுத்து அதே தாளில் பக்கத்தில் எழுதி, தாளை வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த முறை எது மாறியிருக்கிறது என்று பார்க்க அந்த எண்கள் தேவைப்படும்.